காயத்துக்கும் ஒரு சிபாரிசு

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி வாசிக்க ஆரம்பிக்கிற யாரும் கடைசியில் 1863இல் பெரும் சண்டை நடந்த கெட்டிஸ்பர்க்கில்தான் போய் நிற்பார்கள். எனக்கு என்னவோ சண்டைக் காட்சிகளில் மனசு ஒட்டுவதே இல்லை. எந்தப் படை எந்தக் குன்றின் மேல் எந்தப் பக்கமாக ஏறியது என்பதை வரைபடத்தோடு படித்தாலும் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். ஆனால் குண்டடி பட்ட ஒரு கேப்டன் லீவு கேட்டு எழுதிய விண்ணப்பம் என்று ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. விடுப்புக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிற வேலையில் கொஞ்ச காலம் இருந்தவன் என்பதால் வந்த புத்தியாக இருக்கலாம்.

அந்த விண்ணப்பங்களில் என்னைப் பிடித்து உட்காரவைப்பது வலி அல்ல, எழுதுகிறவனின் இக்கட்டு. அடிபட்ட அதிகாரிக்கு இரண்டு காகிதங்கள் வேண்டும். ஒன்று, "இவனால் இப்போது எதற்கும் முடியாது" என்று டாக்டர் எழுதித் தருவது. மற்றொன்று, "இவனைப் போல முடிந்தவன் யாரும் இல்லை" என்று மேலதிகாரி எழுதித் தருவது. லீவுக்கு முதல் காகிதம். பதவி உயர்வுக்கும், இருக்கிற பதவியைக் காப்பாற்றிக்கொள்வதற்கும், வேறு லேசான வேலைக்கு மாறுவதற்கும் இரண்டாவது. இரண்டையும் ஒரே ஆள், பல சமயம் ஒரே மாதத்தில், படுத்த படுக்கையில் இருந்தபடி தேடியாக வேண்டும்.

முதல் காகிதத்தைப் பார்ப்போம். வடக்குத் தரப்பு, அதாவது லிங்கனின் அரசு, 1861இல் திருத்தி வெளியிட்ட ராணுவ விதிமுறைகளில் இதற்கென்று ஒரு மாதிரிப் படிவமே இருக்கிறது. இன்ன ரெஜிமென்ட்டின் இன்ன அதிகாரி லீவுக்கு ஆதாரமாகச் சான்றிதழ் கேட்டிருக்கிறார், அவரை நான் கவனமாகப் பரிசோதித்தேன், அவருக்கு இன்ன நோய் அல்லது காயம், இத்தனை நாளாக அவதிப்படுகிறார், ஆகவே பணி செய்யத் தகுதியில்லை, இன்ன காலத்துக்கு முன் அவரால் பணிக்குத் திரும்ப முடியாது என்று நம்புகிறேன். இதுதான் அதன் ஓட்டம். கால அளவை எழுத வேண்டிய இடத்தில் டாக்டருக்கு ஒரு குறிப்பு வேறு: ஒளிவுமறைவில்லாமல், தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று. படிவத்திலேயே இப்படி ஒரு வரியைச் சேர்க்கிறார்கள் என்றால், அதற்கு முன்னால் எத்தனை டாக்டர்கள் ஒளித்து மறைத்து எழுதியிருப்பார்கள் என்று புரிகிறது அல்லவா!

போர் முற்ற முற்ற இன்னொரு வாசகமும் சான்றிதழ்களில் நிரந்தரமாக ஏறிக்கொண்டது. "உயிரைக் காப்பாற்றவோ நிரந்தர ஊனத்தைத் தடுக்கவோ இடமாற்றம் அவசியம்." அதாவது வலிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, நடக்க முடியவில்லை என்பதெல்லாம் போதாது. வீட்டுக்கு அனுப்பாவிட்டால் செத்துப்போவான் அல்லது முடமாவான் என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் கிடைப்பது பெரும்பாலும் 20 நாள்.

20 நாளில் என்ன ஆறும்? அந்தப் போரில் பெரும்பாலான காயங்களைச் செய்தது மினியே குண்டு. மெத்தென்ற ஈயம், அரை அங்குலத்துக்கும் மேல் குறுக்களவு. எலும்பில் பட்டால் துளைத்துக்கொண்டு போகாது, நசுங்கி எலும்பைச் சில்லுச் சில்லாக்கிவிடும். சட்டைத் துணியையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கிருமி என்ற ஒன்றை மருத்துவம் இன்னும் கண்டுகொள்ளாத காலம், ஒரே கத்தியையும் ஒரே பஞ்சையும் வைத்துக்கொண்டு அடுத்தடுத்த ஆளுக்குப் போவார்கள். சீழ் வடிந்துகொண்டே இருக்கும், மாதங்கள் கழித்தும் எலும்புச் சில்லு வெளியே வரும். இந்த லட்சணத்தில் 20 நாள் முடிவதற்குள் வீட்டிலிருந்தபடியே அடுத்த சான்றிதழை வாங்கித் தபாலில் அனுப்ப வேண்டும். தபால் தாமதமானால் அந்த ஆள் "அனுமதியின்றிப் பணிக்கு வராதவர்" ஆகிவிடுவார்.

அந்தப் பட்டம் சாதாரணமானது இல்லை. 1862 கோடையில் போர்த்துறை லீவுகளையெல்லாம் ரத்து செய்து, திரும்பாதவர்களை வேலையை விட்டு நீக்க ஆரம்பித்தது. அப்புறம் இன்னும் ஒரு படி மேலே போய், வராத அதிகாரிகளின் பெயர்களைச் செய்தித்தாள்களில் பட்டியல் போட்டார்கள். 15 நாளுக்குள் வாஷிங்டனில் உள்ள ராணுவ ஆணையத்தின் முன் வந்து தக்க காரணம் சொல்லாவிட்டால் பதவி நீக்கம். இந்தப் பட்டியல்களில் நிஜமாகவே ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களும் வந்தார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று கிடக்கிறவனின் பெயரை ஊர்க்காரர்கள் ஓடிப்போனவர்கள் வரிசையில் வாசிக்கிறார்கள். பிறகு விளக்கம் ஏற்கப்பட்டது என்று இன்னொரு அறிவிப்பு வரும். முதல் அறிவிப்பைப் படித்தவர்கள் எல்லோரும் இரண்டாவதையும் படித்திருப்பார்களா என்ன?

அரசின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 1863 ஜனவரியில் ஜெனரல் ஜோசப் ஹூக்கர் வடக்கின் முக்கியப் படையான பொட்டோமாக் படையின் தலைமையை ஏற்றபோது வராதவர் கணக்கு எடுத்தார்கள். சிப்பாய்கள் ஏறக்குறைய 82,000 பேர், அதிகாரிகள் 2,922 பேர் இடத்தில் இல்லை. இதில் நோயாளிகளும் வேறு பணிக்கு அனுப்பப்பட்டவர்களும் அடக்கம்தான். ஆனாலும் ஒரு பெரிய நகரத்தின் ஜனத்தொகையே கணக்கில் இருக்கிறது, களத்தில் இல்லை. ஹூக்கர் செய்தது புத்திசாலித்தனமான காரியம்: லீவை இறுக்குவதற்குப் பதிலாக முறைப்படுத்தினார். நூறு பேருக்கு இரண்டு பேர் என்று முறைவைத்து வீட்டுக்கு அனுப்பினார். ஓடிப்போகிறவர்கள் குறைந்தார்கள். லீவு கிடைக்கும் என்று தெரிந்தவன் எதற்கு ஓடப்போகிறான்! அதே ஆண்டு மார்ச் 10ஆம் தேதி லிங்கனும் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஏப்ரல் 1க்குள் திரும்புகிறவர்களுக்கு, வராத நாட்களின் சம்பளம் போகும், வேறு தண்டனை இல்லை.

சம்பளம் என்றதும் இன்னொன்று. 1863 மார்ச் 3ஆம் தேதிச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படி லீவில் இருக்கும் அதிகாரிக்குப் பாதிச் சம்பளம்தான். நோய் அல்லது காயம் காரணமாக என்றால் மட்டும் முழுச் சம்பளம். அனுமதி இல்லாமல் போனால் ஒன்றும் கிடையாது. ஆக டாக்டரின் அந்தக் காகிதம் வீட்டுக்குப் போவதற்கான சீட்டு மட்டுமல்ல, வீட்டில் அடுப்பெரிய வேண்டிய பணமும் அதுதான். காலாட்படைக் கேப்டனின் அடிப்படைச் சம்பளம் மாதம் 60 டாலர், லெப்டினன்ட்டுக்கு 45, 50. இதற்கு மேல் படிகள் உண்டு. ஆனால் சிப்பாய்க்குப் போல அதிகாரிக்குச் சாப்பாடும் உடுப்பும் அரசு தராது, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் சாப்பாட்டுக்குக் காசு கட்ட வேண்டும். சம்பளம் தருகிறவர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டியவர், பல சமயம் அதுவும் வரமாட்டார்.

இதைச் சொல்லும்போது சாதாரணச் சிப்பாயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவனுக்கு 13 டாலர். பிடிக்காவிட்டால் அதிகாரி ராஜினாமா கடிதம் கொடுக்கலாம், ஏற்பார்களா என்பது வேறு விஷயம். சிப்பாய் அதைக்கூடக் கொடுக்க முடியாது. கவர்னருக்குக் கடிதம் எழுதித்தர அவனுக்கு வக்கீல் மாமாவோ செனட்டரின் சிநேகமோ கிடையாது. நான் வாசித்த நல்ல நல்ல விண்ணப்பங்கள் எல்லாம் அதிகாரிகளுடையவை என்பதற்குக் காரணம், அவர்கள் அதிகமாக வலி அனுபவித்தவர்கள் என்பதல்ல.

சரி, இரண்டாவது காகிதத்துக்கு வருவோம்.

தன்னார்வப் படைகளில் கர்னல் வரைக்கும் பதவி கொடுப்பது அந்தந்த மாநிலக் கவர்னர். மாசசூசெட்ஸில் ஜான் ஆண்ட்ரூ, பென்சில்வேனியாவில் ஆண்ட்ரூ கர்ட்டின், இண்டியானாவில் ஆலிவர் மார்ட்டன் போன்றவர்களின் மேசையில் இந்த மாதிரிக் கடிதங்கள் வந்து குவிந்துகொண்டே இருந்தன. ஒரு கேப்டன் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தொடையில் குண்டு, மூன்று மாதமாகப் படுக்கை. அதற்குள் அவருடைய ரெஜிமென்ட்டில் மேஜர் பதவி காலியாகிறது. பணிமூப்பில் அடுத்தவர் இவர்தான். களத்தில் நிற்கிற இன்னொரு கேப்டனுக்கு அந்த இடம் போய்விடுமோ என்ற பயம். கர்னலுக்கு எழுதுகிறார்: எனக்காகக் கவர்னரிடம் நாலு வார்த்தை சொல்லுங்கள். கூடவே, டாக்டர் இன்னும் 20 நாள் எழுதியிருக்கிறார், அதற்கும் ஒப்புதல் வேண்டும். ஒரே உறையில் இரண்டு வேண்டுகோளும். நடக்க முடியவில்லை என்பது முதல் பத்தி, படையை நடத்த முடியும் என்பது அடுத்த பத்தி.

கர்னலின் நிலையும் தர்மசங்கடம். கேப்டனின் பெயர் பட்டியலில் இருக்கிற வரை அந்த இடம் காலி இல்லை. அவருடைய வேலையை மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருக்கிற லெப்டினன்ட் அதே சம்பளத்தில், அதே பதவியில் கிடப்பார். கம்பெனிக்குத் தலைவர் இருக்கிறார், ஆனால் இல்லை. அதனால் பல கர்னல்களின் கடிதங்களில் ஒரு வழுக்கல் தெரியும். வீரர், கண்ணியமானவர், காயம் கௌரவமானது என்று தேன் ஒழுகும். கடைசி வரியில், "இவர் விரைவில் திரும்புவது சாத்தியமில்லை என்று அஞ்சுகிறேன்" என்று ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியம் போதும், கௌரவமாக வெளியே அனுப்பிவிடுவார்கள். நல்ல சிபாரிசுக் கடிதத்துக்கும் நல்ல வழியனுப்புக் கடிதத்துக்கும் இடையில் இருப்பது அவ்வளவு மெல்லிய கோடு. நான் பார்த்த அலுவலகங்களிலும் இப்படி எழுதத் தெரிந்த மேலாளர்கள் உண்டு, அவர்கள் நன்றாகவே முன்னேறினார்கள்.

கடிதம் பயணம் போகிற விதத்தையும் சொல்ல வேண்டும். எழுதிய தாளை நீளவாக்கில் மூன்றாக மடிப்பார்கள். மடித்தபின் வெளியே தெரிகிற பட்டையில் பெயர், ரெஜிமென்ட், தேதி, இரண்டு வரியில் விஷயச் சுருக்கம். பிறகு உரிய வழியாக மேலே போகும்: ரெஜிமென்ட், பிரிகேட், டிவிஷன், கோர், படைத் தலைமையகம். நடுவில் உள்ள ஒவ்வொருவரும் தம் கருத்தை எழுதியே மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி. ஒருவர் "அனுமதிக்கப்பட்டு, பணிவுடன் அனுப்பப்படுகிறது" என்பார். அடுத்தவர் வெறுமனே "பணிவுடன் அனுப்பப்படுகிறது" என்பார். ஒரு சொல்தான் விட்டுப்போயிருக்கிறது. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லின் கனம் தெரியும். மேலே போய்ச் சேரும்போது தாளின் முதுகில் எழுத இடம் இருக்காது, உள்ளே இருக்கும் கடிதத்தைவிட வெளியே இருக்கும் குறிப்புகள் நீளமாகிவிடும். திரும்பி வருவதும் அதே படிகளில் இறங்கித்தான். அதற்குள் காயம் ஆறியிருக்கும், அல்லது ஆள் போயிருப்பார்.

இந்தப் படிகளையெல்லாம் ஒரு சிபாரிசு தாவிப்போன சம்பவம் ஒன்று உண்டு. ஜோஷுவா சேம்பர்லின், மெய்ன் மாநிலத்தின் போடன் கல்லூரிப் பேராசிரியர். இவர் படையில் சேர்ந்ததே ஒரு லீவைப் பயன்படுத்தித்தான். ஐரோப்பாவில் போய் மொழிகள் படிக்க என்று 1862இல் கல்லூரி அவருக்கு இரண்டு வருட விடுப்புக் கொடுத்தது. மனிதர் நேராகக் கவர்னரிடம் போய்ப் படையில் இடம் கேட்டார். கெட்டிஸ்பர்க்கில் லிட்டில் ரவுண்ட் டாப்பைக் காத்து நின்ற 20ஆவது மெய்ன் ரெஜிமென்ட்டின் கர்னல் அவர்தான். அதற்குப் பிறகு அவரைப் பிரிகேடியர் ஜெனரலாக்கச் சொல்லிப் பலர் எழுதினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1864 ஜூன் 18 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு குண்டு அவருடைய ஒரு இடுப்பில் நுழைந்து மறு இடுப்பு வரை போனது. பிழைக்கமாட்டார் என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். கோர் தலைவர் வாரன், சாவதற்கு முன் இவருக்கு அந்தப் பதவி கிடைக்கட்டும் என்று மேலே எழுதினார். வடக்குப் படைகளுக்கெல்லாம் தலைமைத் தளபதியான கிராண்ட் அங்கேயே உத்தரவு போட்டுவிட்டார். நியூயார்க் பத்திரிகைகளில் இறந்துவிட்டார் என்றே செய்தி வந்தது.

நல்ல உடம்போடு இருந்தபோது ஒரு வருடமாக நகராத சிபாரிசு, சாகப்போகிறார் என்றதும் இரண்டு நாளில் முடிந்தது. இதில் யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. செத்துப்போகிறவருக்குக் கொடுக்கிற பதவியால் யாருடைய பணிமூப்பும் கெடாது, அவ்வளவுதான். சேம்பர்லின் கணக்கைக் கெடுத்தார். அனாபொலிஸில் கடற்படைக் கல்லூரிக் கட்டடங்களில் நடந்த ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்குப் போய், நவம்பரில் படைக்கே திரும்பி வந்துவிட்டார்.

எல்லோருக்கும் லீவு என்பது ஓய்வாகவும் இருக்கவில்லை. ஜெனரல் ஆலிவர் ஹோவார்டு 1862 ஜூன் 1 அன்று ஃபேர் ஓக்ஸ் சண்டையில் வலது கையை இழந்தார். மெக்சிகோ போரில் இடது கையை இழந்த இன்னொரு ஜெனரல் ஃபிலிப் கியர்னி பார்க்க வந்தபோது, இனிமேல் கையுறையை நாம் சேர்ந்தே வாங்கலாம் என்று ஹோவார்டு சொன்னாராம். அந்த லீவில் ஊருக்குப் போய் என்ன செய்தார்? வெறும் சட்டைக் கையோடு மேடையேறி ஆள் சேர்க்கப் பேசினார். கோடை முடிவதற்குள் படைக்குத் திரும்பினார். கியர்னி அந்தச் செப்டம்பர் 1ஆம் தேதி கொல்லப்பட்டார்.

அதே மாதம் 14ஆம் தேதி சவுத் மவுண்டனில் 23ஆவது ஓஹையோவின் லெப்டினன்ட் கர்னல் ரூதர்ஃபோர்டு ஹேய்ஸுக்கு இடது கையில் குண்டு. அவருடைய ரெஜிமென்ட் டாக்டர் மனைவியின் அண்ணன், கை பிழைத்தது. ஹேய்ஸ் பின்னாளில் ஜனாதிபதியான மனிதர். மனைவி லூசிக்குக் கிடைத்த தகவலில் அவர் வாஷிங்டனில் இருப்பதாகத் தெரிந்தது. ஓஹையோவிலிருந்து அவ்வளவு தூரம் வந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினார். எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. தொப்பியில் 23 என்ற எண்ணோடு அடிபட்டுக் கிடந்த சிப்பாய்கள் சிலரைப் பார்த்து விசாரித்த பிறகுதான் மேரிலாந்தின் மிடில்டவுனில் ஒரு வீட்டில் இருப்பது தெரிந்தது. லெப்டினன்ட் கர்னல் ஒருவர் எங்கே படுத்திருக்கிறார் என்பதே தலைநகரில் தெரியாத நிர்வாகம்தான் ஒரு லெப்டினன்ட் 20 நாளைத் தாண்டிவிட்டாரா என்று கணக்குப் பார்த்தது.

திரும்பவும் களத்துக்குப் போக முடியாது, வீட்டுக்கும் போக மனமில்லை என்பவர்களுக்காக 1863 ஏப்ரலில் ஊனமுற்றோர் படை ஒன்றைத் தொடங்கினார்கள். காவல், ஆஸ்பத்திரி வேலை, கைதிகளைப் பார்த்துக்கொள்வது. இங்கேதான் நான் சொன்ன முரண் உச்சத்துக்குப் போகிறது. இதில் அதிகாரியாக வேண்டுமென்றால் களப்பணிக்கு லாயக்கில்லை என்று டாக்டர் சான்றிதழ் வேண்டும். நல்லொழுக்கமும் அறிவும் உழைப்பும் உள்ளவர் என்று பழைய மேலதிகாரிகளின் சிபாரிசுக் கடிதங்களும் வேண்டும். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'இன்வாலிட் கோர்', முதலெழுத்துகள் 'ஐ.சி.' கெட்டுப்போன இறைச்சியின் மீதும் உதவாத குதிரைகளின் மீதும் "சோதித்துக் கழிக்கப்பட்டது" என்று குத்துகிற முத்திரையும் அதே இரண்டு எழுத்துதான். சிப்பாய்கள் சும்மா விடுவார்களா? 1864 மார்ச்சில் பெயரை "முதுநிலை ரிசர்வ் படை" என்று மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ஜூலையில் தெற்குத் தரப்பின் படை வாஷிங்டன் வாசல் வரை வந்தபோது, ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் கோட்டையில் தடுத்து நின்றவர்களில் இந்தக் கழிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள்.

போர் முடிந்ததும் காகிதங்கள் எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தன. 1862 ஜூலை 14ஆம் தேதிச் சட்டப்படி முழு ஊனத்துக்கு லெப்டினன்ட் கர்னலுக்கும் அதற்கு மேலும் மாதம் 30 டாலர், கேப்டனுக்கு 20, சிப்பாய்க்கு 8. இப்போது ஓய்வூதிய அலுவலகம் கேட்கிறது: காயம் அவ்வளவு பெரியது என்றால் எப்படி நீங்கள் ஆறு மாதத்தில் பணிக்குத் திரும்பினீர்கள்? "பூரண நலத்துடன் எந்தப் பொறுப்புக்கும் தகுதியானவர்" என்று கர்னல் எழுதிய சிபாரிசு, அன்றைக்குத் தெய்வ வாக்கு, இன்றைக்கு எதிர்சாட்சி. விறைத்துக்கொண்டு பணிக்குத் திரும்பியவர்கள் இந்த இடத்தில் மாட்டினார்கள். 20 நாளுக்கு ஒரு முறை சலிக்காமல் சான்றிதழ் வாங்கி அடுக்கியவர்களிடம் எல்லாவற்றுக்கும் தாள் இருந்தது.

சேம்பர்லின் மெய்ன் மாநிலத்தின் கவர்னரானார், பிறகு போடன் கல்லூரியின் தலைவரானார். காயம் கடைசி வரை ஆறவில்லை. 1914 பிப்ரவரியில் அவர் இறந்ததும் அதனால்தான். இடையில் கையில் பணம் தங்காமல் போய், போர்ட்லாண்ட் துறைமுகச் சுங்கத்துறையில் கலெக்டர் பதவி கேட்டார். நண்பர்களும் பழைய படைத் தோழர்களும் மறுபடி சிபாரிசுக் கடிதங்கள் எழுதினார்கள். பழையபடி அது போதவில்லை. 1900இல், 71 வயதில், அதற்குக் கீழே உள்ள சர்வேயர் பதவி கிடைத்தது. அவருக்கு அதில் மனக்குறைதான், ஆனாலும் ஏற்றுக்கொண்டார். அந்த வருடம் முடிவதற்குள்ளேயே உடம்பு சரியில்லை என்று லீவு வாங்கிக்கொண்டு இத்தாலி, எகிப்து என்று கிளம்பிப் போனார்.